நாணல்ல மாவு பூசுனது யாரு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு படம் போட்டு, நாணல் இலை மேல வெள்ளையா மாவு தூவுன மாதிரி இருக்கே இது என்னனு சொல்லுங்க பாப்போம்னு கடைசி பக்கத்துல சும்மா ஒரு வரி கேட்டிருந்தேன். அவ்ளோ தான். வந்த கடிதத்துல பாதிக்கு மேல சாம்பல் நோய்னு அடிச்சு சொல்லிட்டாங்க, ரெண்டு பேர் சிமென்ட் தூசினு சொன்னாங்க, ஒருத்தர் மட்டும் "அசுவினி மாதிரி இருக்கு ஆனா அசுவினி பச்சையால்ல இருக்கும்"னு சந்தேகத்தோட எழுதியிருந்தார். அந்த சந்தேகக்காரர் தான் ஜெயிச்சார், அது அசுவினி தான், செடி சாறு குடிக்கற செடிப்பேன். அதுக்கப்புறம் பதிலா வந்த கேள்விகள் நிறைய இருந்ததால இந்த தடவ மொத்த பகுதியையும் இந்த ஒரு பூச்சிக்கே குடுத்துட்டேன், மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த தடவ வரும்.

கேள்வி: சார், நான் சாம்பல் நோய்னு தான் எழுதினேன். இன்னமும் நம்ப முடியல. எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

ஒரு சின்ன லென்ஸ் போதும் சார். சாம்பல் நோய் பூசணம், அது இலையோட ஒட்டி படலமா இருக்கும், கால் கிடையாது. இதுல நீங்க லென்ஸ் வச்சு பாத்தா அந்த வெள்ளைக்கு அடில வெளிர் பச்சையா, நீளவாக்குல, ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட நீளத்துல ஒண்ணுக்கு பக்கத்துல ஒண்ணா நெருக்கியடிச்சு உக்காந்திருக்கறது தெரியும். முதுகுல கொஞ்சம் அடர் பச்சையா திட்டு திட்டா இருக்கும். அந்த வெள்ளை மாவு அது உடம்புல இருந்தே சுரக்கற மெழுகு. விரல்ல தொட்டா மாவு ஒட்டிக்கும், ஒண்ணு ரெண்டு நகரும், அப்ப தெரிஞ்சுடும்.

இன்னொரு அடையாளமும் இருக்கு. பெரும்பாலான அசுவினிக்கு வயித்தோட பின்பக்கம் சைலன்ஸர் மாதிரி ரெண்டு குழாய் நீட்டிட்டு இருக்கும். இதுக்கு அந்த குழாய் ரொம்ப குட்டை, சட்டுனு பாத்தா இல்லவே இல்லைனு தோணும். மெழுகுப் பூச்சும் குட்டைக் குழாயும் சேந்து, அதுவும் நாணல் மேல இருந்தா, ஓரளவு தைரியமா பேர் சொல்லிடலாம்.

கேள்வி: அந்த பேர் என்னனு தேடினேன் அண்ணா, ஹயலாப்டெரஸ் ப்ரூனினு வந்துது. ப்ரூனினா ப்ளம் மரம் சம்பந்தப்பட்டதுனு சொல்றாங்க. நாணல்ல வாழற பூச்சிக்கு எதுக்கு ப்ளம் பேரு? (விலங்கியல் படிக்கிற மாணவி)

சரியான இடத்துல பிடிச்சீங்க மா. இந்த பூச்சியோட மொத்த கதையும் இந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு.

இதுக்கு வீடு ரெண்டு. குளிர்காலத்துல இது முட்டையா இருக்கறது ப்ளம் மரத்து குச்சில, மொட்டு ஓரத்துல, கறுப்பா பளபளனு கடுகை விட சின்னதா ஒட்டிட்டு இருக்கும். வசந்தம் வந்து மொட்டு வெடிக்கும்போது முட்டையும் பொரியும். அதுல இருந்து வர்றது எல்லாமே பொண்ணு. அந்த முதல் தாய் ஆணே இல்லாம குட்டி போட ஆரம்பிக்கும், முட்டை இல்ல, உயிரோட குட்டி. அதோட பொண்ணுங்களும் அப்படியே. ப்ளம் இலைக்கு அடில வெள்ளை மாவோட கூட்டம் கூட்டமா பெருகிடும். அப்புறம் கோடை தொடங்கும்போது இலை முத்திப் போச்சு, சாறுல சத்து குறைஞ்சு போச்சு, கூட்டமும் நெருக்கமாயிடுச்சு, அப்ப பாத்தா பொறக்கறதுல நிறைய றெக்கையோட பொறக்குது. அதுங்க மரத்தை விட்டு கிளம்பி நேரா நாணலுக்கு போயிடுது. அங்க போய் இறங்கினதும் போடற குட்டிக்கு றெக்கை கிடையாது, திரும்ப ஆணில்லாம குட்டி மேல குட்டி, கோடை முழுக்க. நாணல் கோடைல தான் விடாம வளரும், சாறுக்கு குறைவே இல்ல. நம்ம படத்துல இருந்தது அந்த கட்டம்.

இலையுதிர் காலம் வந்தா கணக்கு மாறும். நாணல் மேலயே றெக்கை உள்ள ஒரு வகை பொண்ணும், றெக்கை உள்ள ஆணும் உருவாகும், ரெண்டும் தனித்தனியா ப்ளம் மரத்துக்கு திரும்பிப் போகும். அந்த பொண்ணு மரத்துல போடற குட்டிங்க தான், இந்த வருஷத்துலயே முதல் தடவையா, முட்டை போடற பொண்ணுங்க. அதுக்கு றெக்கை இல்ல. ஆண் வந்து சேரும், முட்டை மொட்டு ஓரத்துக்கு போகும், வருஷம் முடிஞ்சுது.

பேர் விஷயத்துக்கு வர்றேன். 1762ல ஜெஃப்ராய்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ப்ளம்ல பாத்து ப்ரூனினு பேர் வச்சார். 1775ல ஃபேப்ரிசியஸ் நாணல்ல இருந்ததுக்கு அருண்டினிஸ்னு தனியா பேர் வச்சார், அந்த பேருக்கு நாணல்காரன்னு அர்த்தம் வச்சுக்கலாம். ஒரே ஆளை ஊர் வீட்ல ஒரு பேர்லயும் ஆபீஸ்ல ஒரு பேர்லயும் கூப்பிடற மாதிரி. ரெண்டும் ஒண்ணு தான்னு தெரிஞ்சப்போ முதல்ல வச்ச பேருக்கு தான் மரியாதைங்கற விதிப்படி ப்ளம் ஜெயிச்சுது. ஹயலாப்டெரஸ்ங்கறது 1854ல கோக் வச்சது, கண்ணாடி றெக்கைனு பொருள்.

இப்படி ரெண்டு வீடு வச்சிருக்கறது அசுவினில பொதுவான பழக்கம்னு நினைச்சுடாதீங்க. உலகத்துல சுமார் 5000 அசுவினி இனம் இருக்கு, அதுல பத்துல ஒரு பங்கு கிட்ட தான் இப்படி வீடு மாறும். மிச்சமெல்லாம் ஒரே செடிலயோ ஒரே குடும்பத்து செடிகள்லயோ காலத்தை ஓட்டிடும்.

கேள்வி: எல்லாமே கட்டாயம் கிளம்பிடுமா?

இல்ல. ப்ளம்லயே கோடை முழுக்க தங்கிடற சோம்பேறிங்களும் உண்டு. குளிர் கடுமையா இல்லாத பகுதிகள்ல நாணல்லயே வருஷம் பூரா இருந்து, முட்டையும் இல்லாம ஆணும் இல்லாம ஓட்டற கூட்டமும் உண்டு.

கேள்வி: ஆணே இல்லாம குட்டினு நீங்க சாதாரணமா சொல்லிட்டு போறீங்க, இது நிஜமா? யாராவது கண்ணால பாத்து நிரூபிச்சிருக்காங்களா?

பாத்திருக்காங்க, அதுவும் இருநூத்தி எண்பது வருஷத்துக்கு முன்னாடியே. 1740ல ஜெனீவாக்காரர் சார்ல் பொன்னே, அப்ப அவருக்கு இருபது வயசு தான், அப்பத்தான் பொறந்த ஒரே ஒரு அசுவினி குட்டியை எடுத்து (நம்ம நாணல் இனம் இல்ல, வேற ஒரு புதர்ல வாழறது) கண்ணாடிக்கு அடில தனியா அடைச்சு வச்சு, ராத்திரி பகல்னு பாக்காம ஒரு மாசத்துக்கு மேல உக்காந்து குறிப்பு எழுதினார். கூட வேற ஒரு ஜீவன் கிடையாது. அது 95 குட்டி போட்டுச்சு. 95! அந்த காலத்துல பெரிய பேச்சாச்சு.

இதை விட ஆச்சரியம் உள்ள நடக்கறது. அசுவினி தாயோட வயித்துல குட்டி இருக்கும்போதே அந்த குட்டியோட வயித்துல பேத்திக்கான கரு வளர ஆரம்பிச்சிடும். பாட்டி அம்மா பேத்தி மூணு பேரும் ஒரே தோலுக்குள்ள. அதனால தான் இன்னிக்கு பத்து இருந்துச்சு ரெண்டு வாரத்துல இலையே தெரியலைங்கற நிலைமை வருது, இதுல மாயம் ஒண்ணும் இல்ல, காத்திருக்கற நேரத்தை மிச்சம் பண்றாங்க அவ்ளோ தான்.

அப்ப ஆண் எங்கிருந்து வந்துச்சுனு அடுத்த கேள்வி கேப்பீங்க. அசுவினில பொண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு, ஆணுக்கு ஒண்ணே ஒண்ணு, ஒய் கிடையாது. இலையுதிர் காலத்துல தாய் குட்டி உருவாக்கும்போது ஒரு எக்ஸை கழட்டி விட்டுடும், அது ஆண். அந்த ஆண் உருவாக்கற விந்தணுல எக்ஸ் இருக்கறது மட்டும் தான் தேறும், எக்ஸ் இல்லாதது அழிஞ்சுடும், அதனால கருவுற்ற முட்டைல இருந்து வசந்தத்துல வர்றது அத்தனையும் பொண்ணு. மேல அந்த மாணவிக்கு சொன்ன வரி இப்ப புரியுதா.

கேள்வி: இலையுதிர் காலம் வருதுனு ரெண்டு மில்லிமீட்டர் பூச்சிக்கு யார் போய் சொல்றது?

பகல் நீளம் சொல்லுது. பகல் குறுகி ராத்திரி நீண்டா அசுவினி ஆண் பெண் ஆட்டத்துக்கு மாறும். இதை முதல்ல காட்டினவர் மார்கோவிச்னு அமெரிக்காவுல இருந்த ஒரு பூச்சியியல்காரர், 1923ல, ஸ்ட்ராபெரி வேர்ல வாழற அசுவினியை வச்சு, பகலை செயற்கையா குறைச்சு காலத்துக்கு முன்னாடியே அதுங்களை முட்டை போட வச்சார். செடி பகல் நீளத்தை அளக்குதுனு கண்டுபிடிச்சு அப்ப மூணே வருஷம் தான் ஆகியிருந்தது, விலங்குலயும் அது உண்டுனு முதல்ல தெரிஞ்சது ஒரு செடிப்பேன் வழியா தான்.

ஒரு சிக்கல் உங்களுக்கு தோணியிருக்கும், தோணலைனா இப்ப தோணட்டும். வசந்தத்தோட தொடக்கத்துலயும் பகல் குட்டை தானே, அப்ப மட்டும் ஏன் ஏமாறல? லீஸ்ங்கற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1960கள்ல இதுக்கு ஒரு பதில் கண்டார், அவரை குடும்ப செடில வாழற ஒரு அசுவினில. முட்டைல இருந்து வந்த முதல் தாய்ல தொடங்கி சில தலைமுறைக்கு ஒரு கடிகாரம் ஓடுது, அந்த நேரம் முடியற வரைக்கும் பகல் எவ்ளோ குட்டையா இருந்தாலும் கண்டுக்காது. தலைமுறை மாறினாலும் கடிகாரம் நிக்காம தொடருது. எனக்கு இதை படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சிலிர்க்கும், பாட்டி ஓட விட்ட வாட்ச் பேத்தி கைல இன்னும் ஓடிட்டிருக்கு.

கேள்வி: பாதாம் மரத்துலயும் பீச் மரத்துலயும் இதே மாதிரி வெள்ளை மாவோட அசுவினி வருதே. அதுவும் இது தானா? (பழத்தோட்டம் வச்சிருக்கறவர்)

பாக்க அதே. ஆனா அது இல்ல. இதை பிரிச்சு பாக்க நிபுணர்களுக்கே ரொம்ப நாள் ஆச்சு, அதனால உங்களுக்கு குழப்பம் வந்தது தப்பே இல்ல.

ரொம்ப காலம் ரெண்டு இனம்னு சொல்லிட்டு இருந்தாங்க. ஒண்ணு ப்ளம்காரன் ப்ரூனி, இன்னொண்ணு அமிக்டலி, அது பிளான்ஷார் 1840ல பேர் வச்ச பாதாம்காரன். ரெண்டையும் கால் கணு, குழாய், மீசைனு அளந்து தான் பிரிக்கணும், அளவுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழும், ஒருத்தர் ப்ரூனினு எழுதினதை இன்னொருத்தர் அமிக்டலினு எழுதுவார். 2007ல லோசியரும் கூட்டாளிகளும் டிஎன்ஏ எடுத்து பாத்தாங்க. பூச்சியோட டிஎன்ஏ மட்டும் இல்ல, பூச்சி உடம்புக்குள்ள தாய்கிட்ட இருந்து குட்டிக்கு போற புக்னெரானு ஒரு பாக்டீரியா இருக்கு, அதோட டிஎன்ஏவையும் எடுத்தாங்க. வீட்டுக்காரர் சொல்ற வம்சக்கதை சரியானு வேலைக்காரர்கிட்ட தனியா விசாரிக்கற மாதிரி. ரெண்டு பேரும் ஒரே கதை சொன்னாங்க, கூட்டம் ரெண்டு இல்ல மூணு. ப்ளம்ல ஒண்ணு, பாதாம்ல ஒண்ணு, பீச்ல ஒண்ணு. ஆப்ரிகாட் மரத்துல மட்டும் இந்த எல்லைக்கோடு கொஞ்சம் கலங்கிக் கிடக்கு.

பீச்காரனுக்கு 2008ல புதுசா பெர்சிகோனஸ்னு ஒரு பேர் வச்சாங்க. அப்புறம் பாத்தா அதே பூச்சிக்கு 1942லயே குலாமுல்லானு ஒருத்தர் அருண்டினிஃபார்மிஸ்னு பேர் வச்சு முடிச்சிருக்கார். திரும்ப பழைய விதி, முதல் பேருக்கு மரியாதை, புதுப் பேர் போச்சு. ஆக உங்க தோட்டத்துல ப்ளம்ல ப்ரூனி, பாதாம்ல அமிக்டலி, பீச்ல அருண்டினிஃபார்மிஸ்.

இதுல நான் ரசிக்கற விஷயம் என்னனா, மூணும் கோடைக்கு போறது நாணலுக்கு தான். லீவுக்கு எல்லாரும் ஒரே இடத்துக்கு போறாங்க, ஆனா இலையுதிர் காலத்துல திரும்பும்போது அவங்கவங்க வீட்டுக்கு தான் போறாங்க, கல்யாணமும் அங்க தான் நடக்குது, அதனால கலக்காம மூணும் மூணாவே நிக்குது. நாணல் மேல வெறும் கண்ணுல பாத்து இது எந்த மரத்து ஆளுனு சொல்ல முடியாது. யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: எங்க ப்ளம் மரத்துல இலை எல்லாம் சுருண்டு முறுக்கிக்கிச்சு. உங்க பூச்சி தான் காரணம்னு வீட்ல சொல்றாங்க. பக்கத்து குளத்துல இருக்கற நாணலை மொத்தமா வெட்டிடலாமா?

ஐயோ வேண்டாம், நாணலை விட்டுடுங்க.

முதல்ல சுருள் விஷயம். இந்த மாவு அசுவினி இலையை அவ்ளோவா சுருட்டாது. இலை நேராவே இருக்கும், அடில தான் வெள்ளையா மூடியிருக்கும். இலை இறுக்கமா முறுக்கிக்கிட்டா அது பெரும்பாலும் ப்ராக்கிகாடஸ் ஹெலிக்ரைசினு வேற ஒரு அசுவினி, ப்ளம்ல ரொம்ப சகஜம், அது நாணலுக்கு போற ஆளே இல்ல, டெய்சி குடும்பத்து செடிகளுக்கு போற ஆளு. சுருளைப் பிரிச்சு பாருங்க, உள்ள மாவு இல்லாம வழவழனு பச்சையாவோ மஞ்சளாவோ இருந்தா நாணலுக்கு இதுல சம்பந்தமே கிடையாது, பாவம் அதை வெட்டி என்ன பண்ணப் போறீங்க.

மாவு அசுவினியாவே இருந்தாலும் நாணல் வெட்டறது வீண் வேலை. றெக்கை உள்ளது காத்துல ஏறிடுச்சுனா எங்கிருந்து வேணாலும் வரும், உங்க குளத்து நாணல் மட்டும் தான் அதுக்கு தெரியும்னு இல்ல. அதோட நாணல் மேல அதை தின்ன வர்ற பொறிவண்டு, சிர்பிட் ஈ, கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாத்துக்கும் சோறு போட்டு வளக்கறதும் அந்த நாணல் தான்.

மரத்துல பண்ண வேண்டியது இருக்கு. வீட்டுல ஒண்ணு ரெண்டு மரம்னா வசந்தத்துல கூட்டம் சின்னதா இருக்கும்போதே இலை அடிப்பக்கமா பாத்து தண்ணியை வேகமா அடிச்சா நிறைய விழுந்துடும். சோப்புக் கரைசல் அடிக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், அந்த மெழுகு தண்ணியை ஒட்ட விடாது, மேலாக்க தெளிச்சா உருண்டு ஓடிடும், இலையோட அடிப்பக்கம் நல்லா நனையற மாதிரி அடிச்சா தான் பிரயோஜனம். பெரிய தோட்டத்துக்காரங்க மரம் இலை உதிர்த்து தூங்கற காலத்துலயே குச்சில இருக்கற முட்டை மேல எண்ணெய் தெளிப்பாங்க, அது முட்டைக்கு மூச்சு முட்ட வைக்கும். எல்லாத்தையும் கொல்ற கடும் மருந்தை கோடைல அடிக்கறது எனக்கு பிடிக்காத வழி, அசுவினியை தின்ன வந்ததும் சேந்து செத்துடும், அப்புறம் அசுவினி தான் முதல்ல திரும்பி வரும், மேல சொன்ன பாட்டி அம்மா பேத்தி கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

ஒட்டுண்ணிக் குளவினு ஒரு கூட்டாளியும் இருக்கு. அஃபிடியஸ் ட்ரான்ஸ்காஸ்பிகஸ்னு பேரு, அசுவினி உடம்புக்குள்ள ஒரு முட்டையை வச்சுட்டு போயிடும், உள்ள இருந்தே புழு தின்னு முடிச்சு, கடைசில அசுவினி உப்பிப் போன காஞ்ச கூடா நிக்கும், அதுல ஒரு வட்ட ஓட்டை போட்டு குளவி வெளிய வரும். மத்தியதரைக் கடல் பகுதில இருந்து இதை கலிஃபோர்னியாவுக்கு கொண்டு போய், உலர் ப்ளமுக்காக வளக்கற தோட்டங்கள்ல மாவு அசுவினிக்கு எதிரா விட்டாங்க. அதனால இலை மேல அசைவில்லாத உப்பின கூடு பாத்தீங்கனா அந்த இலையை பிச்சு எறியாதீங்க, நம்ம ஆளு உள்ள இருக்கார்.

கேள்வி: சாறு தானே குடிக்குது, அதுக்கு போய் தோட்டக்காரங்க ஏன் இவ்ளோ பயப்படறாங்க?

சாறு குடிக்கறதோட நிக்கறதில்லையே. செடி சாறுல சக்கரை அதிகம், புரதம் கட்ட தேவையான சத்து குறைவு. தனக்கு வேணுங்கற கொஞ்சத்துக்காக நிறைய குடிச்சு மிச்ச சக்கரையை பின்னாடி சொட்டு சொட்டா விடும். (குறையற சத்துல ஒரு பகுதியை மேல சொன்ன புக்னெரா பாக்டீரியா சமைச்சு குடுத்துடும், அது இல்லாம அசுவினி இல்ல.) அந்த தேன் மாதிரி கழிவு இலைலயும் காய்லயும் விழுந்து கரும்பூசணம் பிடிச்சு கறுத்துப் போகும், பழம் விலை போகாது. கூட்டம் பெருசானா மரம் தளரும், ப்ளம் பழத்துல வெடிப்பும் வரும்.

பெரிய பயம் வைரஸ். ப்ளம் பாக்ஸ்னு ஒண்ணு, ஷார்கானும் சொல்வாங்க, 1917 வாக்குல பல்கேரியால முதல்ல பாத்தது, பழம் கோணி வளையம் வளையமா தழும்பு விழுந்து காலத்துக்கு முன்னாடி கொட்டிடும். அதை மரத்துக்கு மரம் கொண்டு போறது அசுவினிங்க, நம்ம மாவு அசுவினியும் அதுல ஒண்ணு. ஊசியால ஒரு மரத்தை ருசி பாத்துட்டு சில நிமிஷத்துல அடுத்த மரத்தை ருசி பாத்தாலே போதும், வைரஸ் போயிடும், மருந்தடிச்சு அது சாகறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது, வெட்டித் தான் ஆகணும். 1999ல பென்சில்வேனியால தெரிய வந்து, அமெரிக்கா முழுக்க ஒழிஞ்சுதுனு அறிவிக்க 2019 ஆச்சு. இருபது வருஷம்.

கேள்வி: மனுஷனை கடிக்குமா?

கடிக்காது. சட்டைல மாவு ஒட்டும்.

கேள்வி: நான் பறவை பாக்கறவன். நாணல் காட்டுல வெள்ளையா அசுவினி அப்பினா எங்க குரூப்ல சில பேர் சந்தோஷப்படறாங்க. அதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?

உங்க குரூப்ல விஷயம் தெரிஞ்சவங்க இருக்காங்க தம்பி.

செட்ஜ் வார்ப்ளர்னு ஒரு கதிர்க்குருவி, ஐரோப்பாவுல கோடைல குஞ்சு பொரிச்சுட்டு சகாரா பாலைவனத்தை தாண்டி ஆப்பிரிக்காவுக்கு குளிர்காலத்துக்கு போறது. சாதாரணமா எடை 11, 12 கிராம் இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி கொழுப்பு ஏத்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும், சிலது 20 கிராமை தாண்டும். உங்க எடை 70 கிலோனா சில வாரத்துல 140 ஆக்கிட்டு, அப்புறம் அதோட பறக்கணும்னு வச்சுக்கோங்க. இதுக்கு அது பெருசா நம்பற சாப்பாடு நாணல்ல இருக்கற இந்த மாவு அசுவினி தான். 1981ல பிபி, க்ரீன்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வுல இது தெளிவா வந்துச்சு, தெற்கு இங்கிலாந்துலயும் பிரான்ஸ்லயும் அசுவினி எங்க அதிகமோ அந்த நாணல் காட்டுல குருவியும் அதிகமா சேருது, எடையும் வேகமா ஏறுது, அசுவினி குறைஞ்ச இடத்துல இருந்து சீக்கிரம் நகந்துடுது.

அதே நாணல்ல வாழற ரீட் வார்ப்ளர் (ரீட்னா நாணல்) இந்த அளவு அசுவினியை நம்பறதில்ல. அது கலந்து கட்டி பூச்சி பிடிச்சு சாப்பிட்டு, வழில ஸ்பெயின் போர்ச்சுகல் பக்கம் நின்னு நின்னு போகும். செட்ஜ் வார்ப்ளர் தான் ஒரே மூச்சா போற ஆளு, அதனால டேங்க் ஃபுல் பண்ணாம கிளம்பாது. பேர்ல நாணல் இருக்கறது ஒண்ணு, நாணல் அசுவினியை நம்பி உயிர் வாழறது இன்னொண்ணு, பேர் வைக்கறவங்க எப்பவும் இப்படித் தான்.

இதுல ஒரு நெருக்கடியும் இருக்கு. அசுவினி கூட்டம் உச்சத்துல இருக்கறது கோடையோட பிற்பகுதில சில வாரம் தான், அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒரு வருஷம் அப்பிக் கிடக்கும் அடுத்த வருஷம் தேடணும். குருவி அந்த சில வாரத்தை பிடிக்கணும். ப்ளம் தோட்டக்காரர் வசந்தத்துல மருந்தடிக்கும்போது இந்த குருவி அவர் மனசுல வர வாய்ப்பே இல்ல, குருவி பாக்கறவருக்கும் ப்ளம் மரம் ஞாபகம் வராது. பூச்சி மட்டும் ரெண்டு பக்கமும் போய் வந்துட்டு இருக்கு.

கேள்வி: நாணல் இதனால சாகுமா?

அதோட சொந்த ஊர்ல பொதுவா சமாளிச்சுடும், ரெண்டு மூணு மீட்டருக்கு மேல வளர்ற முரட்டுப் புல் அது. வட அமெரிக்கா கதை வேற. அங்க நாணல்ல ரெண்டு வம்சம் இருக்கு, காலங்காலமா இருக்கற உள்ளூர் நாணல் ஒண்ணு, ஐரோப்பாவுல இருந்து வந்து ஈரநிலத்தை எல்லாம் ஆக்கிரமிச்சுட்டு இருக்கற நாணல் ஒண்ணு. அசுவினியும் அங்க வெளில இருந்து போனது தான். 2007ல லாம்பர்ட், கசக்ராண்டே ரெண்டு பேரும் எழுதினதுல, இந்த அசுவினி வந்தேறி நாணலை விட உள்ளூர் நாணலை தான் அதிகமா தாக்குதுனு வந்துச்சு. வந்தேறி பூச்சி வந்தேறி புல்லை விட்டுட்டு வீட்டுக்காரனை போட்டு அடிக்குது. யாராவது இந்த பூச்சியை விட்டே ஆக்கிரமிப்பு நாணலை அழிச்சுடலாம்னு யோசனை சொன்னா இதை ஞாபகப்படுத்துங்க.

கேள்வி: நாணல்ல குட்டியா ஒரு பொறிவண்டு பாத்தேன், சிவப்பே இல்ல, காஞ்ச புல் நிறத்துல நிறைய புள்ளியோட. நோய் வந்ததா?

நோய் இல்ல. அனிசோஸ்டிக்டானு ஒரு பொறிவண்டு, முதுகுல 19 புள்ளி, நாணல் மாதிரி தண்ணி ஓர செடிகள்ல அசுவினி தின்னு வாழறது. குளிர்காலத்துல நாணல் காஞ்சு வெளுத்து நிக்கும்போது அதுவும் அதே வெளிர் நிறத்துல இருக்கும், வசந்தம் வந்து செடி பச்சையானதும் சிவப்பா மாறிக்கும். உடம்பும் தட்டையா நீளமா இருக்கறதால நாணல் உறைக்குள்ள நல்லா பதுங்கிக்கும். நீங்க பாத்தது வெளிர் சீசன்ல.

கேள்வி: எங்க தொட்டில அல்லி இலை மேல கறுப்பா அசுவினி. தண்ணி மேல கூட நடக்குது! இதுவும் நாணல் அசுவினியோட சொந்தமா? தொட்டில மீன் இருக்கு, மருந்தடிக்க பயமா இருக்கு.

சொந்தம் தான், நல்லா கேட்டீங்க. ரோபலோசைஃபம் நிம்ஃபேயேனு பேரு, உயிரினங்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கற முறையை கொண்டு வந்த லின்னேயஸ் 1761ல வச்சது. ஹயலாப்டெரஸும் ரோபலோசைஃபமும் அசுவினி குடும்பத்துல ஒரே கிளை, கரும்புலயும் சோளத்துலயும் வர்ற மெலனாஃபிஸும் அந்த கிளை தான். உங்க அல்லி அசுவினிக்கும் குளிர்கால வீடு ப்ளம் வகையறா மரம், கோடை வீடு மட்டும் அல்லி மாதிரி தண்ணி செடிங்க. அது நடக்கறது நிஜம், உடம்பு லேசு, மேல தண்ணி ஒட்டாது, இலைக்கு இலை தண்ணி மேலயே போயிடும்.

சோப்பு, மருந்து ரெண்டும் வேண்டாம், மீனுக்கு ஆகாது. அல்லி இலையை கையால தண்ணிக்குள்ள அமுக்கி ரெண்டு மூணு தடவ நல்லா ஆட்டி விடுங்க, இல்லனா ஹோஸ்ல அடிச்சு விடுங்க. விழுந்ததுல நிறைய நடந்து திரும்ப ஏறப் பாக்கும், அதுக்குள்ள மீன் வந்துடும். ரெண்டு நாளைக்கு மீனுக்கு தீனி போடாம இருந்தீங்கனா இன்னும் நல்லா வேலை நடக்கும். ரொம்ப அப்பின இலையை மட்டும் கிள்ளி வெளிய போட்டுடுங்க.